பலெர்மோவின் திருவிழாக்கள்: எந்த மாதம் போவது, எங்கே நிற்பது, என்ன சாப்பிடுவது

இத்தாலியில் கடலோர ஊர்களுக்குப் பஞ்சமில்லை. வெனிஸுக்கு முகமூடிக் கார்னிவல், வியாரெஜ்ஜோவுக்குக் காகிதக்கூழில் செய்த ராட்சதப் பொம்மை வண்டிகள், பாரிக்குப் புனித நிக்கோலஸ் விழா என்று ஒவ்வொன்றும் ஒரு விழாவால் பேர் வாங்கியிருக்கிறது. ஆனால் வருடத்தின் எந்தப் பருவத்தில் போனாலும் ஊர்க்காரர்கள் மெனக்கெட்டுக் கொண்டாடும் ஏதாவது ஒன்று கண்ணில் படும் ஊர் எது என்று கேட்டால், நான் சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோவைத்தான் சொல்வேன்.

பலெர்மோவின் பெரிய விழாக்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது. கொள்ளைநோய் போனதற்கு ஒன்று, பஞ்சம் தீர்ந்ததற்கு ஒன்று. அந்தக் கடனை ஊர் இன்னும் அடைத்துக்கொண்டே இருக்கிறது. வெளியூர்க்காரர் ஒருவர்கூட வராவிட்டாலும் ஜூலை 14 இரவு தேர் ஓடும், டிசம்பர் 13 அன்று யாரும் ரொட்டி வாங்க மாட்டார்கள். இதைப் புரிந்துகொண்டு போனால் பயணத் திட்டம் தானாக அமைந்துவிடும். ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு தேதி, ஒரு தெரு, ஒரு தின்பண்டம். இந்த மூன்றும் கையில் இருந்தால் போதும்.

படி 1: முதலில் தேதி, பிறகுதான் டிக்கெட்

நல்ல சேதி என்னவென்றால், ஈஸ்டரைத் தவிர மற்ற விழாக்களுக்கெல்லாம் தேதி மாறுவதே இல்லை. புதன்கிழமையில் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமையில் வந்தாலும் அதே தேதிதான். ஆகவே அடுத்த வருடத்துக்கு இப்போதே திட்டம் போடலாம்.

மார்ச் 19 புனித சூசையப்பர். மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ புனித வாரம்; 2027இல் ஈஸ்டர் மார்ச் 28 அன்று வருகிறது. ஜூலை 14, 15 ஊர்ப் பாதுகாவலியான புனித ரொசாலியாவின் பெருவிழா. ஊர்க்காரர்கள் ஃபெஸ்தினோ என்பார்கள். செப்டம்பர் 4 அதே ரொசாலியாவின் திருநாள், ஆனால் முற்றிலும் வேறு மாதிரியான கொண்டாட்டம். நவம்பர் 2 இறந்தோர் நாள். டிசம்பர் 8 அமலோற்பவ மாதா. டிசம்பர் 13 புனித லூசியா.

முதல் தடவை போகிறவர்கள் எல்லாரும் ஜூலை 14ஐத்தான் குறிவைக்கிறார்கள். தப்பில்லை, அது பெரிய காட்சிதான். ஆனால் ஒரே ஒரு விழாவுக்குத்தான் நேரமும் காசும் இருக்கிறது என்றால் என் ஓட்டு செப்டம்பர் 3 இரவுக்கு. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நவம்பர் முதல் வாரம். சாப்பாட்டுக்காகவே ஊர் சுற்றுகிறவர்கள் டிசம்பர் 13ஐ விடக் கூடாது.

விசா விஷயம்: இத்தாலிக்கு ஷெங்கன் விசா. பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஜூலை விழாவுக்குப் போகிறவர் மே மாதம் வரை காத்திருந்தால், கோடை விடுமுறைக் கூட்டத்தில் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே பாடாகிவிடும். பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள்.

படி 2: எங்கே தங்குவது, எப்படிப் போய்ச் சேர்வது

விமான நிலையம் ஊருக்கு மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் தள்ளிக் கடலோரமாக இருக்கிறது. அங்கிருந்து ரயிலும் உண்டு, பேருந்தும் உண்டு. இரண்டும் மத்திய ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விடும். நேரம் இருப்பவர்கள் இத்தாலியின் பெருநிலப் பகுதியிலிருந்து ரயிலில் வரலாம். மெஸ்ஸினா நீரிணையில் ரயில் பெட்டிகளையே கப்பலுக்குள் ஏற்றி அக்கரையில் இறக்குவார்கள். நேப்பிள்ஸிலிருந்து இரவுக் கப்பலும் இருக்கிறது; மாலையில் ஏறினால் விடிந்ததும் பலெர்மோ துறைமுகம்.

தங்குமிடம் பழைய ஊருக்குள்ளேயே இருக்கட்டும். பேராலயத்திலிருந்து கடல் வரை நேர்கோடாக ஓடுகிற விட்டோரியோ இமானுவேலே வீதிதான் விழாக்களின் முதுகெலும்பு. ஊர்க்காரர்களுக்கு அது இன்றும் காஸ்ஸரோ. அதற்குப் பக்கத்தில், கால்ஸா பகுதியிலோ மாக்வேதா வீதியை ஒட்டியோ அறை எடுத்தால் நடந்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். மொந்தெல்லோ கடற்கரை அழகுதான், மணலும் ஆழமில்லாத நீரும் மனதை இழுக்கும்தான். ஆனால் விழா இரவில் பேருந்துத் தடங்கள் மாறும், தெருக்களை அடைத்துவிடுவார்கள், நள்ளிரவு 2 மணிக்கு டாக்ஸி கிடைக்காது. மொந்தெல்லோவை விழாவுக்கு மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கிளம்புமுன் ரொசாலியாவின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கதை தெரியாமல் ஜூலை 14 இரவு நின்றால், பாட்டும் விளக்கும் வாணவேடிக்கையும் மட்டும்தான் மிஞ்சும்.

1624 மே மாதம் தூனிஸிலிருந்து ஒரு கப்பல் பலெர்மோவுக்கு வந்தது. கூடவே கொள்ளைநோயும் வந்தது. சாவு கூடிக்கொண்டே போனது. சிசிலியை ஆண்ட ஸ்பானிய அரசப் பிரதிநிதி இமானுவேலே ஃபிலிபெர்த்தோவே ஆகஸ்டில் நோய்க்குப் பலியானார். அந்த வேளையில், ஜூலை 15 அன்று, ஊருக்கு மேலே நிற்கிற மொந்தே பெல்லெக்ரீனோ மலையின் குகையில் சில எலும்புகள் கிடைத்தன. 12ஆம் நூற்றாண்டில் அரண்மனை வாழ்வை உதறிவிட்டுக் குகையில் தவம் கிடந்ததாகச் சொல்லப்படும் ரொசாலியா என்ற உயர்குடிப் பெண்ணின் எலும்புகள் என்றார்கள். பேராயர் ஜன்னெத்தீனோ தோரியா லேசில் நம்பவில்லை. மருத்துவர்களையும் இறையியல் அறிஞர்களையும் கூட்டி ஆராயச் சொன்னார்.

1625 பிப்ரவரியில் வின்சென்ஸோ பொனெல்லி என்ற சவர்க்கார வியாபாரி, நோயில் மனைவியைப் பறிகொடுத்த துக்கத்தில், உயிரை விட்டுவிடுவது என்று அந்த மலைக்குப் போனார். அங்கே ரொசாலியா தோன்றி, தன் எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுபோனால் நோய் நீங்கும் என்று பேராயரிடம் சொல்லச் சொன்னதாகக் கதை. அந்த ஜூன் மாதம் ஊர்வலம் நடந்தது. நோய் தணிந்தது. நான்கு நூற்றாண்டுகளாக ஊர் அந்த நன்றியை மறக்கவில்லை; 2024இல் 400ஆவது ஃபெஸ்தினோவைக் கொண்டாடினார்கள்.

இந்தக் கதைக்கு ஊருக்குள்ளேயே ஒரு வேடிக்கையான சாட்சி இருக்கிறது. காஸ்ஸரோவும் மாக்வேதா வீதியும் வெட்டிக்கொள்ளும் குவாத்ரோ காந்தி நாற்சந்தியில் நின்று அண்ணாந்து பாருங்கள். நான்கு மூலைக் கட்டடங்களிலும் மூன்று அடுக்குச் சிலைகள்: கீழே பருவங்கள், நடுவில் ஸ்பானிய மன்னர்கள், உச்சியில் ஊரின் நான்கு பாதுகாவலிகள். அகத்தா, கிறிஸ்தீனா, நின்ஃபா, ஒலிவா. ரொசாலியா அங்கே இல்லை! கொள்ளைநோய்க்கு முன்பே திட்டமிட்டு எழுந்த சதுக்கம் அது. பிறகு வந்த ரொசாலியா அந்த நால்வரையும் ஓரங்கட்டிவிட்டாள், சிலைகள் மட்டும் மேலேயே நின்றுவிட்டன.

அந்த நோய்க்காலத்தில் ஓவியர் ஆன்டனி வான் டைக் பலெர்மோவில் இருந்தார். ரொசாலியாவை அவர் வரைந்த படங்கள் பல நாடுகளுக்குப் போய்விட்டன. ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோஜா மாலையும் மண்டையோடும் கொண்ட அந்தப் பெண்ணின் உருவம் விழா நாட்களில் ஊர் முழுக்கக் கண்ணில் படும். படத்தைப் பார்த்தவுடன் இவள்தான் என்று தெரிந்துகொள்வீர்கள்.

படி 4: ஜூலை 14, நேரத்தைக் கவனித்து நகருங்கள்

பகலில் ஒன்றும் செய்யாதீர்கள். உண்மையாகவே சொல்கிறேன். ஜூலை வெயில் போதாதென்று ஆப்பிரிக்காவிலிருந்து ஷிரோக்கோ காற்று வீசிவிட்டால் வெளியே தலைகாட்ட முடியாது. மதியம் தூங்கிவிட்டு மாலை 6 மணிக்கு மேல் கிளம்புங்கள்.

விழா, ஊரின் மேட்டுப்பக்கத்தில் நார்மன் அரண்மனையும் பேராலயமும் இருக்கும் பகுதியில் தொடங்கும். இருட்டியபின் அங்கே இசையும் நாடகமும் கலந்த நிகழ்ச்சி. கொள்ளைநோய்க் கதையை ஒவ்வொரு வருடமும் புதுப் புது விதமாகச் சொல்வார்கள். சில வருடம் நன்றாக இருக்கும், சில வருடம் இழுவை. அதன்பின் தேர் கிளம்பும். பல வருடங்களில் கப்பல் வடிவம், உச்சியில் ரொசாலியாவின் சிலை. தேரும் வருடத்துக்கு வருடம் புதிதாக வடிவமைக்கப்படுகிறது. "போன வருடத் தேர்தான் அழகு" என்று யாராவது முணுமுணுக்காமல் எந்த ஃபெஸ்தினோவும் முடிவதில்லை.

காஸ்ஸரோ வழியே சுமார் 2 கிலோமீட்டர் இறக்கம். வழியில் முக்கியமான இடம் குவாத்ரோ காந்தி. அங்கே தேர் நிற்கும். மேயர் அதில் ஏறி ரொசாலியாவின் காலடியில் பூக்களை வைத்து, "பலெர்மோ வாழ்க, சாந்தா ரொசாலியா வாழ்க" என்று முழங்குவார். கூட்டம் திருப்பி முழங்கும். மேயரைப் பிடிக்காதவர்கள் அந்த வேளையில் சீழ்க்கை அடிப்பதும் உண்டு. அதுவும் விழாவின் பகுதிதான்.

நாற்சந்திக்கு நடுவிலேயே போய் நிற்காதீர்கள். நெரிசல் தாங்காது, நகரவும் முடியாது. அதற்குக் கொஞ்சம் கீழே, கடல் பக்கமாக, காஸ்ஸரோவில் ஏதாவது ஒரு சந்து திரும்பும் முனையில் நில்லுங்கள். தேர் கண்முன்னே போகும், மூச்சு முட்டினால் சந்துக்குள் ஒதுங்கலாம். தேர் கடந்ததும் அதன் பின்னால் போகாமல் இணையான தெருக்கள் வழியே கடற்கரைக்கு விரைந்துவிடுங்கள்.

தேர் போர்த்தா ஃபெலிச்சே வாயிலைத் தாண்டிக் கடலைத் தொடும்போது ஏறக்குறைய நள்ளிரவாகிவிடும். அங்கே ஃபோரோ இத்தாலிக்கோ என்கிற நீண்ட புல்வெளி. ஊர் மொத்தமும் பாய், நாற்காலி, ஐஸ்பெட்டி சகிதமாக அங்கே குடியேறியிருக்கும். வாணவேடிக்கை நள்ளிரவுக்கு மேல். சொன்ன நேரத்துக்குத் தொடங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

காத்திருக்கும் நேரத்தில் சாப்பிடத்தான் வேண்டும். விழாவுக்கென்றே உள்ள பண்டம் பப்பலூச்சி: பூண்டும் பார்ஸ்லியும் போட்டு வதக்கிய சின்னஞ்சிறு நத்தைகள். சாப்பிடுவதில் ஒரு வித்தை இருக்கிறது. ஓட்டின் பின்பக்கத்தைக் கோரைப்பல்லால் கடித்துச் சிறு துளை போட வேண்டும். அப்போதுதான் காற்று புகும். பிறகு வாய்ப்பக்கம் உதட்டை வைத்து ஒரே உறிஞ்சு. துளை போடாமல் எவ்வளவு உறிஞ்சினாலும் எண்ணெய்தான் வரும், நத்தை வராது. பக்கத்தில் நிற்கும் எந்தப் பாட்டியும் செய்து காட்டுவாள், நீங்கள் கேட்காமலேயே.

நத்தை வேண்டாம் என்பவர்களுக்கு வறுத்த கொண்டைக்கடலையும் பூசணி விதையும் கலந்த பொட்டலம், அவித்த சோளம், தர்பூசணிக் கீற்று. தர்பூசணிச் சாற்றை மாவுச்சத்து போட்டுக் காய்ச்சி இறுக்கி, மல்லிகை மணமும் சாக்லேட் துணுக்குகளும் சேர்த்த ஜெலோ என்கிற இனிப்பு இந்தக் கோடையில்தான் ருசிக்கும். சைவ உணவுக்காரர்களின் ஆபத்பாந்தவன் பனெல்லே: கொண்டைக்கடலை மாவைக் கிளறி ஆறவைத்துத் துண்டுபோட்டுப் பொரித்தது. ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். ஒரு எச்சரிக்கை: ஸ்ஃபின்சோனே எனப்படும் தடித்த தக்காளி ரொட்டி பார்க்கச் சைவம் போல இருக்கும், உள்ளே நெத்திலி இருக்கும்.

படி 5: ஜூலை 15ஐத் தவற விடாதீர்கள்

வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் வாணவேடிக்கையோடு மூட்டை கட்டிவிடுகிறார்கள். எலும்புகள் கிடைத்த நாள் உண்மையில் 15தான். அன்று மாலை ரொசாலியாவின் எலும்புகள் இருக்கும் வெள்ளிப் பேழை பேராலயத்திலிருந்து பவனி வரும். 17ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு. முன்னால் கோயில் சங்கத்தார்கள் அவரவர் அங்கியில், பின்னால் ஜெபம் சொல்லிக்கொண்டு மக்கள். முதல் நாள் தெருவில் ஆடியவர்களே இன்று மெழுகுதிரியோடு நடப்பார்கள்.

கடலுக்கு அருகில் உள்ள மரீனா சதுக்கத்தில் பேராயர் ஊரைப் பார்த்துப் பேசுவார். மாஃபியா, போதைப்பொருள், வேலையில்லாத இளைஞர்கள், கடலில் வந்து சேரும் அகதிகள் என்று ஊரின் இன்றைய நோய்களைப் பேர் சொல்லிப் பேசுவது வழக்கம். இத்தாலியன் தெரியாவிட்டாலும் கூட்டத்தின் முகங்களைப் பார்த்தால் போதும். தோளும் முழங்காலும் மூடிய உடை அன்றைக்கு அவசியம்.

படி 6: செப்டம்பர் 3 இரவு, மலையேற்றம்

இதற்குப் பேர் அக்கியனாத்தா, ஏற்றம். செப்டம்பர் 4 ரொசாலியாவின் திருநாள். அதற்கு முந்தின மாலையிலிருந்தே ஊர்ச்சனம் மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு நடக்கத் தொடங்கும். மலை உச்சி 600 மீட்டருக்குச் சற்று மேல். குகைக்கோயில் இருப்பது சுமார் 430 மீட்டர் உயரத்தில். நோயிலிருந்து மீண்டவர்கள், பிள்ளை வரம் கேட்டவர்கள், வேலை கிடைத்தவர்கள் என்று ஆளுக்கொரு நேர்த்தி. வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் நிறைய. கடைசித் தூரத்தை முழங்காலில் கடக்கிறவர்களும் உண்டு. வேளாங்கண்ணிக்குக் கொடியேற்ற நாட்களில் நடந்து போயிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி உடனே பிடிபட்டுவிடும், தேதிகூட ஏறக்குறைய அதே வாரம்தான்.

இங்கேதான் நம் ஆட்கள் வருகிறார்கள். 1980களிலிருந்து இலங்கையின் போருக்குத் தப்பி வந்த தமிழர்கள் பலெர்மோவில் வேர் விட்டிருக்கிறார்கள். பல்லரோ சந்தைப் பக்கம் நடந்தால் தமிழ்ப் பேச்சு காதில் விழும். கத்தோலிக்கத் தமிழர்கள் ரொசாலியாவிடம் போவதில் ஆச்சரியமில்லை. சைவத் தமிழர்களும் போகிறார்கள் என்பதுதான் விசேஷம். திருநாளில் மட்டுமில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு மலையேறி வருகிறார்கள். மலைமேல் குகை, உள்ளே காக்கிற ஒரு பெண் தெய்வம், ஊற்றுநீர், நேர்த்தி. இதற்கு மேல் அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பலெர்மோக்காரர்களும் இதை வியப்பாகப் பார்ப்பதை விட்டு வெகுநாளாகிறது. ஏறும் வழியில் ஒரு அக்காவோ அண்ணாவோ "எந்த ஊர்?" என்று தமிழில் விசாரித்தால் திடுக்கிடாதீர்கள்.

எப்படி ஏறுவது? ஊரின் வடபக்கம் பழைய பொருட்காட்சித் திடலுக்கு அருகே மலையடிவாரம். அங்கிருந்து 17ஆம் நூற்றாண்டில் போட்ட கல்பாவிய பழைய பாதை வளைந்து வளைந்து மேலே போகும். வாகனச் சாலை தனி. அதில் போனால் ஏற்றத்தின் சுவையே இருக்காது. நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரம், பெரியவர்களோடு போனால் ஒன்றரை. கற்கள் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். ரப்பர் செருப்பு ஆகாது. நல்ல பிடிமானம் உள்ள காலணி, இல்லாவிட்டால் வெறுங்கால். ஒரு தண்ணீர் போத்தல், சின்ன டார்ச், வியர்வை ஆறியபின் போர்த்த ஒரு மெல்லிய மேலாடை. இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும்; ஏற்றத்தில் தெம்பையெல்லாம் செலவழித்துவிடாதீர்கள்.

இரவு 10 மணிக்குமேல் கிளம்பச் சொல்வேன். வெயில் இல்லை, கீழே விளக்குகளோடு ஊரும் துறைமுகமும் ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே வரும். ஜெபமாலை சொல்லும் குழு ஒன்று முன்னால் போகும், கைப்பேசியில் பாட்டுப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் பின்னால் வருவார்கள். இரண்டுக்கும் நடுவில் நீங்கள்.

மேலே கோயிலின் முகப்பு சாதாரணக் கட்டடம் போலத்தான் இருக்கும். உள்ளே போனால் கூரை திடீரென்று மறைந்து பாறை வந்துவிடும். பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டு பக்தர்களின் தலையில் விழாதபடி குகைக்கூரை முழுக்கத் தகடு வளைத்த ஓடைகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கவிட்டு, நீரை ஓரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த நீரைத் தீர்த்தமாக எடுத்துக்கொள்வார்கள். இடதுபுறம் கண்ணாடிக்குப் பின்னால் ரொசாலியா சாய்ந்து படுத்திருக்கிறாள். சலவைக்கல் உடல், மேலே பொன்னாடை. அந்த ஆடை போர்போன் மன்னர் மூன்றாம் சார்லஸின் காணிக்கை. ஜெர்மன் கவிஞர் கெதே 1787இல் இங்கே வந்தவர், இந்தச் சிலையைப் பார்த்து மயங்கியே போனார். சுவர் நெடுகக் காணிக்கைகள்: வெள்ளியில் செய்த கை, கால், இதயம், குழந்தையின் போட்டோ, நன்றிச் சீட்டு.

ஜூலை 14 ஊர் நடத்துகிற விழா. இது ஆளாளுக்கு நடத்திக்கொள்கிற விழா. மேடை இல்லை, தாமதம் இல்லை, பார்வையாளர் என்று தனியே யாரும் இல்லை. நான் செப்டம்பருக்கு ஓட்டுப் போட்டது இதற்காகத்தான். நடக்க முடியாதவர்கள் நகரப் பேருந்திலும் மேலே போகலாம். ஆனால் திருநாள் இரவில் சாலை ஒழுங்குகள் மாறும், முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 7: நவம்பர் 2, பரிசு கொண்டுவரும் முன்னோர்கள்

சிசிலியில் இறந்துபோன தாத்தா பாட்டிகள் வருடத்துக்கு ஒரு இரவு திரும்பி வந்து பேரப்பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போகிறார்கள். நவம்பர் 1 இரவு அது. 2ஆம் தேதி காலை பிள்ளைகள் வீட்டை அலசித் தேடுவார்கள். சேட்டை செய்த பிள்ளைகளின் காலைப் பாலாடைக்கட்டித் துருவியால் முன்னோர்கள் சுரண்டிவிடுவார்கள் என்று மிரட்டி வைப்பதால், அந்த ராத்திரி துருவிகளை ஒளித்து வைத்துவிட்டுத் தூங்குகிற பழக்கமும் உண்டு!

அக்டோபர் கடைசி வாரத்திலேயே மிட்டாய்க் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகள் நிரம்பிவிடும். மர்தொரானா பழங்கள்: பாதாம் விழுதில் அத்தி, சப்பாத்திக்கள்ளிப் பழம், எலுமிச்சை, மாதுளை என்று உருட்டி, வண்ணம் தீட்டி, காம்பு குத்தி, அசல் பழம் என்று ஏமாறும்படி செய்வார்கள். மர்தொரானா மடத்துக் கன்னியாஸ்திரீகளின் கைவேலையாகத் தொடங்கியதால் அந்தப் பேர். இன்னொன்று சர்க்கரைப் பொம்மை: அச்சில் வார்த்த குதிரைவீரர்கள், நடனக்காரிகள், இப்போது கார்ட்டூன் நாயகர்களும். உள்ளே கூடாக இருக்கும், தட்டினால் நொறுங்கும். ஊருக்கு எடுத்துப்போக வேண்டுமென்றால் பழங்களை வாங்குங்கள்; பொம்மை விமானத்தில் தாங்காது.

2ஆம் தேதி பகலில் குடும்பங்கள் பூவோடு கல்லறைத் தோட்டங்களுக்குப் போகும். கடலைப் பார்த்திருக்கும் ரொத்தோலி கல்லறைத் தோட்டம் அவற்றில் ஒன்று. வேடிக்கை பார்க்கப் போவதானால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் போங்கள்.

படி 8: டிசம்பர், ரொட்டி இல்லாத நாள்

டிசம்பர் 8 அமலோற்பவ மாதா. புனித தொமினிக் சதுக்கத்தில் உயரமான தூண் ஒன்றின் மேல் மாதா நிற்கிறாள். தீயணைப்பு வீரர்கள் ஏணியில் ஏறி ஊர் சார்பில் பூ வைப்பார்கள். முந்தின இரவே வீடுகளில் சீட்டாட்டமும் ஸ்ஃபின்சோனேயும் தொடங்கிவிடும். கிறிஸ்துமஸ் காலத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

ஆனால் எனக்கு டிசம்பர் என்றால் 13தான். 1646இல் கடும் பஞ்சம். லூசியாவின் நாளில் கோதுமை ஏற்றிய கப்பல் ஒன்று துறைமுகத்தில் நுழைந்ததாம். அரைத்து மாவாக்கக்கூடப் பொறுமையில்லாமல் சனங்கள் கோதுமையை அப்படியே அவித்துத் தின்றார்கள். அதன் நினைவாக அன்று பலெர்மோவில் ரொட்டியும் கிடையாது, பாஸ்தாவும் கிடையாது. விரதம் என்று நினைத்துவிடாதீர்கள். கோதுமை மாவைத்தான் ஒதுக்குகிறார்கள். அரிசிக்கும் கடலை மாவுக்கும் தடையில்லை.

ஆகவே அன்று காலை முதலே அரஞ்சீனா. குங்குமப்பூ போட்டு வேகவைத்த சோற்றை உருண்டையாக்கி, நடுவில் இறைச்சிக் குழம்போ, ஹாமும் பாலாடைக்கட்டியுமோ வைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. பலெர்மோவில் அது பந்து போல உருண்டை, கத்தானியாவில் கூம்பு. எது சரி என்ற சண்டையில் தலையிடாமல் சாப்பிடுவது உத்தமம். கடைகளில் காலையிலேயே வரிசை நிற்கும். பத்து மணிக்குள் போனால் சூடாகக் கிடைக்கும். இனிப்பு வகைகூட உண்டு, ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். சைவ உணவுக்காரர்கள் கீரை வைத்ததைக் கேட்டு வாங்கலாம்.

மதியத்துக்குமேல் குச்சியா. கோதுமையை நாட்கணக்கில் ஊறவைத்து, மென்மையாக அவித்து, சர்க்கரை சேர்த்த ரிக்கோத்தா என்ற மென்மையான பாலாடைக்கட்டியில் கலந்து, சாக்லேட் துணுக்கும் சர்க்கரைப்பாகில் ஊறிய பழத் துண்டுகளும் தூவிக் கிண்ணத்தில் தருவார்கள். பல்லில் கோதுமை நறுக்கென்று நசுங்க வேண்டும். குழைந்திருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

படி 9: மார்ச்சும் புனித வாரமும்

மார்ச் 18 இரவு, சூசையப்பர் விழாவுக்கு முந்தின நாள், பழைய பேட்டைகளில் பையன்கள் பழைய மேசை, கதவு, மரப்பெட்டி என்று சேர்த்துவைத்த குவியலுக்குத் தீ வைப்பார்கள். நம்மூர்ப் போகியை நினைக்க வேண்டாம். இது சட்டப்படி அனுமதியில்லாத காரியம். தீயணைப்பு வண்டி வரும், போலீஸ் வரும், கல்லெறியும் நடக்கலாம். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, மறுநாள் காலை கடைக்குப் போய் ஸ்ஃபின்சா சாப்பிடுங்கள்: பொரித்த மாவின் மேல் ரிக்கோத்தா அள்ளிப் பூசி, ஆரஞ்சுத் தோல் இனிப்பு வைத்தது.

பெரிய வெள்ளிக்கிழமை மாலை ஊரின் பல கோயில்களிலிருந்து பாஸ்கா ஊர்வலங்கள் கிளம்பும். ஒன்றை மட்டும் பார்க்க முடியுமென்றால் கால்ஸாவில் குதிரைவண்டிக்காரர் சங்கத்தின் ஊர்வலத்துக்குப் போங்கள். பிரபுக்களின் வண்டியோட்டிகளாக இருந்தவர்களின் சங்கம். அந்தக் காலச் சீருடையிலேயே வியாகுல மாதாவைச் சுமந்து வருவார்கள்.

ஈஸ்டர் ஞாயிறு காலை ஊரைவிட்டு வெளியே போய்விடுங்கள். தெற்கே மலைமேல் பியானா தெல்லி அல்பனேசி என்ற சிற்றூர். 15ஆம் நூற்றாண்டில் துருக்கியப் படைக்குத் தப்பி வந்த அல்பேனியர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தங்கள் மொழியோடும் பைசாந்திய வழிபாட்டு முறையோடும் வாழ்கிறார்கள். பெண்கள் தங்கச் சரிகை வேலைப்பாட்டு ஆடையில் தெருவில் நடந்து வருவார்கள், சிவப்புச் சாயமிட்ட முட்டைகளை வழங்குவார்கள். விழா நாளில் பேருந்து குறைவு. வாடகைக் காரோ, பங்கு போட்டுக்கொண்ட டாக்ஸியோதான் நம்பிக்கை.

படி 10: புனிதர்கள் இல்லாத நாட்கள்

அக்டோபரை ஒட்டிய வார இறுதிகளில் "லே வியே தெய் தெசோரி" என்ற நிகழ்வு: வழக்கமாகப் பூட்டியிருக்கும் அரண்மனைகள், மடங்கள், நிலவறைகள் பார்வைக்குத் திறக்கும். சின்னக் கட்டணம், முன்பதிவு நல்லது. யுனெஸ்கோ அங்கீகரித்த சிசிலிப் பொம்மலாட்டத்துக்கு இலையுதிர் காலத்தில் மொர்கானா விழா. பொம்மலாட்ட அருங்காட்சியகத்தில் நடக்கும். கதை ஒரு சொல்கூடப் புரியாது, கத்திச்சண்டை நன்றாகப் புரியும்.

கொண்டாட்டம் அல்லாத இரண்டு நாட்களையும் சொல்லியாக வேண்டும். 1992 மே 23 அன்று மாஃபியாவை எதிர்த்த நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனே, மனைவி, மூன்று காவலர்களோடு காபாச்சியில் குண்டுவைத்துக் கொல்லப்பட்டார். அதே வருடம் ஜூலை 19 அன்று அவர் நண்பர் நீதிபதி பவோலோ பொர்செல்லீனோவும் ஐந்து காவலர்களும் தமேலியோ வீதியில். ஒவ்வொரு மே 23 மாலையும், நொத்தர்பார்த்தோலோ வீதியில் ஃபல்கோனே வீட்டு வாசலில் நிற்கும் மரத்தடியில் கூட்டம் கூடும். பள்ளிப் பிள்ளைகள் ஒட்டிய கடிதங்களும் படங்களும் மரத்தைச் சுற்றி நிறைந்திருக்கும். 6 மணிக்குச் சற்று முன்பு, குண்டு வெடித்த அதே நேரத்தில், கொல்லப்பட்டவர்களின் பெயர்களை வாசித்து மௌனம் காப்பார்கள். நீங்கள் இறங்கும் விமான நிலையத்தின் பேரே ஃபல்கோனே–பொர்செல்லீனோதான்.

ஜூலையில் போகிறவர்கள் இதை வைத்தே எட்டு நாள் திட்டம் போட்டுக்கொள்ளலாம். 12ஆம் தேதி வந்து சேர்ந்து ஒரு நாள் வெயிலுக்குப் பழகுங்கள். 14 தேர், 15 பவனி. 16 மொந்தெல்லோவில் கடல் குளியல். 17 மொன்ரெயாலே பேராலயத்தின் தங்க மொசைக்குகள், 18 ரயிலில் செஃபலூ. இந்த இரண்டு ஊர்ப் பேராலயங்களும் பலெர்மோவின் அரபு-நார்மன் கட்டடங்களும் சேர்ந்து 2015இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. 19 மாலை தமேலியோ வீதி அஞ்சலிக்குப் போய்விட்டு, 20 காலை விமானம் ஏறுங்கள். இரவு விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டு அஞ்சலிக்குப் போகாதீர்கள். அந்தப் பகுதியில் அன்று போக்குவரத்து நிறுத்தம் உண்டு.